கண்ணாடித் தகட்டில் என் பெருவிரல்

அந்தப் பெண் அசையவில்லை. அசைந்துவிட்டாள் என்று நான் சொன்னது பொய்.

கூலி வாங்கிக்கொண்டு நான் பிடித்த முதல் கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் முகம் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தது. அதைக் கலைத்தது என் கை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும், தொழிலில் கால் வைத்த அன்றே பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பழியை அவள்மேல் போட்டேன். அந்த ஒரு பேச்சினால் அவள் புருஷன் வீட்டிலிருந்து ஆம்பூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். நான் வாயைத் திறந்திருந்தால் மறுநாளே முடிந்திருக்கும். திறக்கவில்லை.

படம் பிடிக்கும் தொழிலுக்கு வருகிறவர்கள் இப்போதும் சிலர் என்னைத் தேடி வேலூருக்கு வருவதுண்டு. முதல் கல்யாணத்துக்குப் போகும்போது என்னென்ன சாமான் கொண்டுபோக வேண்டும் என்று கேட்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் பெட்டியும் சுருள் பிலிமும் வந்துவிட்ட காலத்திலும் அந்தப் பயம் மாறவில்லை. நான் சொல்வேன்: தகடோ பிலிமோ, தேவைக்கு மேல் ஒரு மடங்கு வைத்துக்கொள், கறுப்புத் துணியைக் கிழிசல் பார்த்து மடி, படிகாரம் ஒரு கட்டி, கழுவுகிற தண்ணீரை உன் கண்ணெதிரே இறைக்கச் சொல். தண்ணீரா என்று சிரிப்பார்கள். ஏன் என்று நான் இதுவரை அவர்களில் யாருக்கும் விளக்கியதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை உபாத்தியாயர். நான் எப்.ஏ. வரை படித்தவன். கலெக்டர் கச்சேரியில் ஒரு குமாஸ்தா நாற்காலி எனக்காகக் காத்திருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் மனம் போகவில்லை. ஜோலார்பேட்டையில் வேலை முடிந்து சீமைக்குத் திரும்பவிருந்த ரயில்வே துரை ஒருவர் தம்முடைய படப்பெட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போய் வாங்கி வந்துவிட்டேன். அப்பா அதைக் கூடத்தில் வைக்கவிடவில்லை. படித்த பிள்ளை கூத்தாடிபோலப் பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதா என்று என் காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னார். ஒரு கல்யாணத்தைச் சரியாகப் பிடித்துவந்து காட்டினால் அவர் வாயை அடைத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அது நடக்காவிட்டால் கச்சேரி நாற்காலிதான்.

பெட்டி அழகானது. தேக்குச் சட்டம், மூலைகளில் பித்தளைப் பூண். முன்பக்கம் பித்தளைக் குழலில் லென்ஸ், அதன்மேல் தோல் மூடி. பின்பக்கம் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் உலகம் தலைகீழாக அதில் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் சிவப்புத் தோலால் ஆன மடிப்புத் துருத்தி. படம் விழுவது முழு அளவுக் கண்ணாடித் தகட்டில். தகட்டை வெளிச்சம் படாமல் வைக்கும் மரச்சட்டங்கள் மூன்று இருந்தன. முன்னும் பின்னுமாகச் சட்டத்துக்கு இரண்டு தகடுகள் செல்லும். அவற்றில் இரண்டு சட்டங்கள் நம் ஊர் வெயிலில் கோணிக்கொண்டு வெளிச்சத்தை உள்ளே விட்டன. தச்சரிடம் கொடுத்துச் சரிசெய்திருக்க வேண்டும். ஒன்று நன்றாக இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். ஆகவே முதல் கல்யாணத்துக்கு என் கையில் இருந்தவை இரண்டே தகடுகள். உட்காருகிறவர் தலை ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாங்கி ஒன்றும் இருந்தது. கனம் அதிகம் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். எடுத்துப் போயிருந்தால் என் பொய்க்கு இடமே இருந்திருக்காது.

படப்பெட்டியோடு துரை ஒரு புத்தகமும் கொடுத்தார். கடைசி அதிகாரம் உஷ்ண தேசங்களில் வேலை செய்கிறவர்களுக்கு என்று இருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரின் வெயிலைப் பற்றி எவனோ எனக்கு என்ன சொல்வது என்று அதைப் படிக்கவில்லை.

கல்யாணம் ஆம்பூரில், வைகாசி வெயிலில். பெண்ணின் தகப்பனார் அங்கே ஒரு சாயபுவின் தோல் பதனிடும் மண்டியில் மேஸ்திரி. எங்கள் சபையைச் சேர்ந்தவர். கன்வென்ஷன் கூட்டங்களில் அப்பாவுக்குப் பழக்கம். அவர் தெருவில் அதுவரை யாரும் படம் பிடித்துக்கொண்டதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசையாம். மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. அங்கே வீடு கிடைக்கும்வரை பெண் வேலூரில் மாமியாருடன் இருப்பது என்று பேச்சு.

ரயிலடிக்கு அவரே வந்திருந்தார். மூன்றுகால் தாங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை மட்டும் என்னைத் தூக்கச் சொன்னார். வீட்டில் நான் அதைத் திறந்து துருத்தியை இழுத்தபோது பக்கத்தில் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இது நம்ம சரக்கு தம்பி. நம்ம பக்கத்து ஆடு. சீமைக்குப் போயி சாயம் பூசிகினு வந்துகீது" என்றார்.

அப்படியும் இருக்கலாம் என்றேன். அவர் உள்ளே போய் மனைவியையும் மகளையும் அழைத்துவந்து காட்டினார். மகள் மஞ்சள் பூசாத முகமும் எண்ணெய் வாரிய தலையுமாக எட்டிப் பார்த்து, "ஆடு பரலோகத்துக்கே போய்ட்டு வந்த மாதிரி சொல்றீங்கப்பா" என்றாள். அவர் அவளைச் செல்லமாக முறைத்தார். கல்யாண வீட்டில் என்னை யாரோ கூலிக்காரனாக நடத்துவார்கள் என்று பயந்துபோயிருந்தேன். அந்த மனிதர் என்னை உறவுக்காரன்போல வைத்துக்கொண்டார்.

முதல் தகட்டைச் சபைக் கோயில் வாசலில் செலவழித்தேன். மணமக்கள் படியிறங்கும்போது கூட்டம் முழுதும் விழுந்தது. பெண் முக்காடு போட்டுத் தலை குனிந்திருந்ததால் அவள் முகம் அதில் இல்லை. அதனால் என்ன, இரண்டாவது தகடு அவளுக்கென்றே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்கால வெயில் தணிந்ததும் வீட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் நாற்காலி போட்டோம். மணமக்கள் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி மகளுக்குப் பின்னாலும் அவர் மனைவி சற்றுத் தள்ளியும் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் விதவை. ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவர். படத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில், படப்பெட்டிக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூடியை எடுத்ததிலிருந்து திரும்பப் போடும்வரை யாரும் அசையக் கூடாது, கண்ணையும் சிமிட்டாமல் இருந்தால் நல்லது என்று சொன்னேன். மரத்து நிழல் என்பதால் சற்று அதிக நேரம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அப்படி நான் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது ஓர் ஈ வந்து அந்தப் பெண்ணின் கன்னத்தில் உட்கார்ந்தது. ஆம்பூரில் தோல் மண்டிப் பக்கம் ஈக்குப் பஞ்சமில்லை. அது கன்னத்திலிருந்து ஊர்ந்து உதட்டோரம் வந்தது. அவள் அசையவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அவ்வளவுதான். நான் மூடியைப் போட்ட பிறகே கையைத் தூக்கி அதை ஓட்டினாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே மகள் தலையில் கை வைத்தார்.

அத்தோடு நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறியிருக்க வேண்டும். தகட்டை வேலூரில், என் அறையில், மண்பானைத் தண்ணீரில் நிதானமாகக் கழுவியிருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே புறப்படுகிறார்கள். அவர்கள் போவதற்குள் தகட்டைக் கழுவி எடுத்துவந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினால் என் பெயர் வேலூர் முழுவதும் பரவும் என்று தோன்றியது. இருட்டறை வேண்டும் என்று கேட்டேன். மேஸ்திரி என்னை மண்டியில் ஆவாரம்பட்டை கொட்டிவைக்கும் கிடங்குக்கு அழைத்துப் போனார். ஜன்னல் கிடையாது. சபைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவந்து வைக்கச் செய்தார். இங்கே தொட்டித் தண்ணியத் தொடாத தம்பி, எல்லாம் சுண்ணாம்பு ஓடுற எடம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

உள்ளே அடுப்படிச் சூடு. சிவப்பு விளக்கின் அனல் வேறு. நான் ஒரு குடத்தைத் தலையிலும் முகத்திலும் ஊற்றிக்கொண்டேன், குடித்தேன். மற்றதில் மருந்தைக் கலந்து, கிண்ணங்களை அலசித் தீர்த்துவிட்டேன். தகட்டில் படம் அருமையாக எழும்பி வந்தது. நான்கு முகங்களும் தெளிவாக இருந்ததை அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். படம் நிலைத்து நிற்க ஹைப்போ மருந்தில் போட்டு எடுத்தாயிற்று. கடைசியாகக் கழுவத் தண்ணீர் இல்லை. வெளியே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் குடித்துத் தீர்த்த கதையைச் சொல்ல வேண்டும். கதவுக்கு வெளியே இருந்த தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து நின்றது. ஒரு வாளி மொண்டுவந்து தகட்டை அதில் போட்டேன்.

தோல் வேலை நடக்கும் ஊர்களின் நடுவில் வளர்ந்தவன் நான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து, பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஆட்கள் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார்கள். ஊறியிருந்தால் மயிர் அப்படியே வழுகிக்கொண்டு வரும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தகட்டின்மேல் பூசியிருக்கும் பசையும் தோலைக் காய்ச்சி எடுத்ததுதான் என்று புத்தகத்தில் படித்தும் இருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. தகட்டை வாளியிலிருந்து எடுத்தபோது அது மீன்போல வழுக்கியது. கீழே விழாமல் மறுகையால் பிடித்தேன். பெருவிரல் பசையில் புதைந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை இருந்தான், மேஸ்திரி இருந்தார், அவர் மனைவி இருந்தார். அந்தப் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் என் விரல் இருந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்து கல்யாண வீட்டுக்கு நடந்தேன். மாப்பிள்ளையின் தாயார் மூட்டை முடிச்சோடு புறப்பட்டு நின்றிருந்தார்.

"இன்னாப்பா, விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"எல்லாரும் நல்லா விழுந்திருக்காங்கம்மா. பொண்ணு மட்டும் கொஞ்சம் ஆடிடுச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சௌகரியமான பொய் என்று எனக்கு விளங்கிவிட்டது. மேஸ்திரி முகம் வாடியது. பரவாயில்ல தம்பி, சின்னப் புள்ள என்று சொல்லி, எனக்குப் பேசிய கூலியை வெற்றிலை பாக்கோடு கொடுத்தார். தகட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஈரம் காயவில்லை என்று சொல்லி, பசை எதிலும் படாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு தோலை என்ன செய்யும் என்று ஆயுள் முழுவதும் பார்த்தவர் கண்ணுக்கு அது தப்பாது என்று தெரியும்.

வேலூரில் தகடு காய்ந்த பிறகு பார்த்தால், கலங்கலுக்கு நடுவில் பெருவிரலின் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. கூர்மையான பென்சிலும் கொஞ்சம் சிவப்பு மையும் கொண்டு அந்த ரேகைகளை மறைத்தேன். ரொம்பக் கவனமாகச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. என் கை அவ்வளவு நன்றாக அதற்குமுன் வேலை செய்ததில்லை. அச்சிட்ட படத்தில், அவள் தலையை உதறியதுபோல ஒரு புகை மட்டும் மிஞ்சியது. ஒரு படம் ஆம்பூருக்கும் ஒரு படம் மாமியார் வீட்டுக்கும் போயிற்று. அப்பாவிடம் கோயில் வாசல் படத்தைக் காட்டினேன். மெச்சினார்.

அந்த மாமியாரைக் கொடுமைக்காரி என்று நான் எழுத மாட்டேன். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். வலிப்புக்காரி. கல்யாணமாகிப் போன இடத்தில் அடுப்பின்மேல் விழுந்து செத்தாள். என் படத்தைச் சுவரில் மாட்டிவைத்துத் தினமும் பார்த்த அந்த அம்மாளுக்கு, மூன்று பேர் கல்லாய் நிற்கையில் ஒருத்தி முகம் மட்டும் அப்படி ஏன் ஆடியது என்ற கேள்வி வந்திருக்கிறது. பிறகு மருமகள் கையிலிருந்து டம்ளர் நழுவினால் அதுவும் அடையாளம். தூக்கத்தில் புரண்டால் அதுவும் அடையாளம். மகன் கோலாரில். அவனிடம் கேட்டால் நீ பார்த்துச் செய் அம்மா என்பான். உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வரட்டும் என்று சொல்லி ஆம்பூரில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

இது என் காதுக்கு வந்தது, கோயிலில். அந்தப் பெண்ணுக்கு வலிப்பாமே, படத்திலேயே தெரிகிறதாமே என்று பேசிக்கொண்டார்கள். என்னிடமே வந்து கேட்டவர்களும் உண்டு. எனக்கென்ன தெரியும் என்று நழுவினேன். அதற்குள் எனக்கு மூன்று நான்கு கல்யாணங்கள் வந்துவிட்டன. புதுச் சட்டங்கள் வாங்கினேன். இரும்புத் தாங்கியை மறக்காமல் தூக்கிப் போனேன். ஒவ்வொரு மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னாலும் அதை வைத்துத் திருகும்போது ஆம்பூர்க்காரி நினைவு வரும். அவசரமாக வேறு வேலையில் இறங்குவேன்.

அடுத்த மழைக்காலத்தில் மேஸ்திரி காய்ச்சலில் இறந்துபோனார். சில வாரம் கழித்து அவர் மனைவியும் மகளும், துணைக்கு மகளின் தாய்மாமனும் என் அறைக்கு வந்தார்கள். இறந்தவருக்கு வேறு படம் கிடையாது. கல்யாணத் தகட்டிலிருந்து அவர் முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தர முடியுமா என்று தாய்மாமன் கேட்டார். நான் பெட்டியிலிருந்து தகட்டை எடுத்தேன். பார்க்கலாமா என்று அவள் கை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க எனக்குத் தெம்பில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். தகட்டில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் அல்லவா இருக்கும்?

"அப்பா தொரையாட்டம் கீறாரும்மா" என்றாள்.

அம்மாவும் பார்த்தார். இருவரும் கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் அழுதார்கள். அப்புறம் அவள் பார்வை தகப்பனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தன்னுடைய இடத்துக்கு வந்தது. அங்கே எதுவும் இல்லாததுபோலப் பார்வையை எடுத்துக்கொண்டு, தகட்டை இரண்டு கையாலும் பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். குடத்துத் தண்ணீர், தொட்டி, வழுக்கியது, பென்சில் எல்லாம். அவள் கன்னத்தில் ஈ உட்கார்ந்ததையும் நான் பார்த்தேன் என்று சொன்னேன்.

பிறகு தாயார் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒடம்பு சுத்தமா முடியாத அன்னிக்கும் அவரு, பொண்ணுக்கு மருந்து குடுத்தீங்களான்னுதான் கேட்டாரு. எனுக்கு ஒண்ணுமில்லப்பான்னு இவ சொல்லிகினே கீறா. அவரு நம்பல. படத்துல கீதேன்னாரு."

அதைச் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். மேஸ்திரியும் அந்தப் படத்தைத்தான் நம்பியிருக்கிறார். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார், ஜெபத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார், மகளை அடுப்பருகே விடாமல் காத்திருக்கிறார். தன் பிள்ளை சௌக்கியமாகத்தான் இருக்கிறாள் என்பது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நான் செய்ததில் எதைத் திருத்த முடிந்தாலும் இதைத் திருத்த முடியாது.

என் மூளை அப்போதும் சாமானைத்தான் தேடியது. அந்தப் பெண்ணிடம், அம்மா, இப்படி உட்கார், மூடியை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்துவைத்து ஒரு படம் எடுக்கிறேன், இம்மியும் அசையாமல் நீ விழுவாய், அதைக் கொண்டுபோய் உன் மாமியாரிடம் காட்டுகிறேன் என்றேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் ஆடலன்னு நான் எதுக்குண்ணா ஒக்காந்து காட்டணும்? நீங்க இல்ல ஒங்க கைய காட்டணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் பிசகியவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

டர்பன்டைன் நனைத்த பஞ்சால் தகட்டின்மேல் இருந்த பென்சிலையும் மையையும் அவள் கண்ணெதிரிலேயே துடைத்தேன். ரேகை வரிவரியாக வெளியே வந்தது. அந்தத் தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர்களோடு மாமியார் வீட்டுக்கு நடந்தேன். தாயார் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். மகளை மருமகளாக அழைக்காத வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். நாங்கள் மூவரும் போனோம். மாமியார் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் தகட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் பக்கத்தில் என் பெருவிரலை வைத்துக் காட்டினேன். ரிஜிஸ்தர் ஆபீசில் கைநாட்டு வாங்குவதை அந்த அம்மாள் பார்த்திருக்கிறார். விரலையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஈயைப் பற்றிச் சொன்னபோது என்னை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"அந்த ஈய நானும் பாத்தேன்" என்றார். "ஒன் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். பொண்ணு கல்லாட்டம் ஒக்காந்துகீதேன்னு நெனச்சேன்." மறுபடி என் விரலைப் பார்த்தார். "என் கண்ணால பாத்தத வுட்டுட்டு, நீ படிச்சவன், பொய் சொல்ல மாட்டன்னு நம்புனேன்."

பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "நீயாவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொன்னேனே அத்தை. படம் பொய் சொல்லுமான்னீங்க."

மாமியார் சுவரில் மாட்டியிருந்த படத்தை ஒருமுறை பார்த்தார். அதை எடுத்துப் போட்டுவிடவா என்று நான் கேட்டதற்கு, சம்பந்தி இருக்காரே அதுல என்று தலையை அசைத்தார். என்னிடம், "நீ போப்பா. அவ இருக்கட்டும்" என்றார். நான் தெரு திரும்பும்போது உள்ளேயிருந்து மருமகளை ஏதோ எடுத்துவரச் சொல்லும் குரல் கேட்டது. அடுப்பங்கரையிலிருந்து எடுத்துவரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கோயிலில் பரவிய பேச்சைக் கோயிலில்தான் முடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சபைப் பாதிரி ஐயரிடம் அனுமதி வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை, என் கைப்பிசகை மறைக்கப் பொய் சொன்னேன் என்று சபைக்குச் சொன்னேன். அதன்பிறகு வேலூரில் நெடுநாள் என்னை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. தாசில்தாருக்குக் குதிரைப் படம், பள்ளிக்கூடத்துக்கு வகுப்புப் படம் என்று காலம் ஓட்டினேன். கச்சேரி வேலைக்கு மனுப் போடச் சொல்வார் என்று அப்பாவை எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. கலவை ஊரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தபோது, விடியற்காலையில் அவர் தாமே மூன்றுகால் தாங்கியைத் தோளில் எடுத்துக்கொண்டு வண்டிவரை என்னோடு நடந்து வந்தார். வழியில் மழை வருமா என்பதைப் பற்றி மட்டும் பேசினார். படப்பெட்டி அதற்குப் பிறகு கூடத்தில் இருந்தது.

மேஸ்திரியின் முகத்தைத் தனியாக எடுத்து, ஆம்பூருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். என்னோடு பேசவில்லை. கடைசிவரை பேசவில்லை. எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். அது நியாயம்தான்.

மகள் புருஷனோடு கோலாருக்குப் போனாள். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து, ஒருநாள் பகலில் மாமியாரும் அவளும் ஒரு கைக்குழந்தையோடு என் அறைக்கு வந்தார்கள். படம் வேண்டும் என்றார்கள். நான் கையாலாகாதவன்போல நாற்காலியை நகர்த்துவதும் திரையை இழுப்பதுமாக இருந்தேன். மாமியார் இந்தத் தடவை தாமும் உட்கார்ந்தார். குழந்தை நடுவில், அவள் மடியில். இரும்புத் தாங்கியை எடுத்தேன். வேண்டாம் என்றாள். மூடியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். குழந்தை என் கையிலிருந்த மூடியைப் பார்த்துத் துள்ளியது, பாட்டியின் மூக்கைப் பிடித்தது, திரும்பியது. அவர்கள் இருவரும் அசையவே இல்லை.

தண்ணீர் நானே இறைத்தது, துரை புத்தகத்தின் கடைசி அதிகாரம் சொன்னபடி பசை இறுகப் படிகாரம் போட்டிருந்தேன். கழுவிக் காய்ந்ததும் வெளியே எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். முன்போலவே ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் கண்ணிமை வரைக்கும் தெளிவாக இருந்தது. மடியில் ஒரு புகை மூட்டம். அதற்குள் எங்கேயோ ஒரு பிஞ்சுக் கை. இன்னொரு தகடு எடுக்கிறேன், கூலி வேண்டாம் என்று பதறினேன்.

"இருக்கட்டும்ணா" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இது நெஜமாவே ஆடுனது. ஒங்க கைன்னு சொல்லிடாதீங்க."

மாமியார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தகட்டிலிருந்து அச்சிட்ட படத்தை வாங்க அவள் திரும்ப வந்தபோது, பழைய கல்யாணத் தகட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா நிற்கிற தகடு, அது தன்னிடம் இருக்கட்டும் என்றாள். என் பெருவிரலும் அதோடு கோலாருக்குப் போயிற்று.